ஒன்றை ஒன்று அறியாத இரண்டு லிஃப்டுகள்

எங்கள் குடியிருப்பில் உச்சி மாடிக்குக் கீழே ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு நான்கு பொத்தான்கள். இடப்பக்க லிஃப்டுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று. வலப்பக்க லிஃப்டுக்கும் அதே போல. காலை ஏழரை மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எந்தப் பொத்தான் என்று பார்ப்பதில்லை. உள்ளங்கையால் இரண்டு பலகைகளையும் ஒரு தடவு தடவுகிறார்கள். நான்கு விளக்குகளும் எரிகின்றன. பிறகு குனிந்து பிள்ளையின் ஷூ நாடாவைக் கட்டுகிறார்கள். குடிவந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடி இது. கார் நிறுத்தும் தரைத்தளம், அதற்கு மேல் 14 மாடிகள், மாடிக்கு 4 வீடுகள், ஆக 56 குடும்பங்கள். சிறிய லிஃப்டு 8 பேருக்கானது, 544 கிலோ. பெரியது ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுள்ள 13 பேர் லிஃப்டு, 884 கிலோ. ஆளுக்கு 68 கிலோ என்பது இங்கே லிஃப்டுகளுக்குப் போடும் கணக்கு. இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால் தெரியும். இரண்டுமே விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், நாலாம் மாடி அக்கா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். அவருக்கு 74 வயது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். "லிஃப்டு மூன்று தடவை வந்தது தம்பி, மூன்று தடவையும் நிறைந்திருந்தது. வேன் போய்விடும்" என்றார். வேன் போயிருந்தது. அவரும் பேரனும் ஆட்டோவுக்காக வாசலில் நின்றார்கள்.

அந்த மாதக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிஃப்டு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். மூன்றாவது லிஃப்டு போடலாம் என்றார் ஒருவர். அதற்குக் கட்டடத்தில் இடமே இல்லை. மோட்டாரை மாற்றி வேகத்தைக் கூட்டலாம் என்றார் இன்னொருவர். ஒற்றைப்படை மாடிகளுக்கு ஒரு லிஃப்டு, இரட்டைப்படை மாடிகளுக்கு ஒரு லிஃப்டு என்று பிரிக்கலாம் என்பதற்குப் பலரும் தலையாட்டினார்கள். எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள், எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து சொன்னேன்.

நான் தொலைபேசி நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஸ்ட்ரௌஜர் எனும் பழைய இயந்திர இணைப்பகங்களின் காலத்தில் சேர்ந்து, டிஜிட்டல் நிலையங்கள் வந்த பிறகு ஓய்வு பெற்றேன். லைன் கிடைக்கவில்லை என்று புகார் வந்தால் உடனே புது லைன் போட ஓடமாட்டோம். உச்ச நேரத்தில் உட்கார்ந்து எண்ணுவோம்: எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எத்தனை வீணாகத் திரும்பியது. 1909இல் டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்துகொண்டு போட்ட கணக்குதான் எங்களுக்கு அரிச்சுவடி. லிஃப்டும் அதே குடும்பம்தான். கேட்பவர்கள் பலர், கருவி ஒன்றிரண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.

முதல் நாள் தரைத்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நோட்டும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்தேன். அரை மணி நேரத்திலேயே தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தது. காலையில் கூட்டம் மேலிருந்து கீழே வருகிறது. காத்திருப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். தரைத்தளத்தில் நான் பார்ப்பது வந்து சேர்ந்தவர்களை. எனவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு மூன்று நாள், பதின்மூன்றாம் மாடிக்கு மூன்று நாள் என்று ஏழரையிலிருந்து எட்டரை வரை உட்கார்ந்தேன். பொத்தான் அழுத்திய விநாடி, கதவு திறந்த விநாடி, ஏற முடிந்ததா இல்லையா, இந்த மூன்றை மட்டும் குறித்தேன்.

நோட்டிலிருந்து ஒரு காலையை அப்படியே தருகிறேன். நாலாம் மாடி, 7:46:10. ஒரு தந்தையும் இரண்டு பிள்ளைகளும் வந்து நான்கு பொத்தான்களையும் அழுத்துகிறார்கள். 7:46:50, சிறிய லிஃப்டு மேலே போகும் வழியில் நின்று திறக்கிறது. யாரும் ஏறவில்லை, மூடுகிறது. 7:47:15, பெரிய லிஃப்டும் அதேபோல் மேலே போகும் வழியில் நிற்கிறது; யாரும் ஏறவில்லை. 7:49:05, சிறியது கீழே வருகிறது, திறக்கிறது, உள்ளே தோளோடு தோள் ஒட்டி ஆறு பேர், முதுகில் பைகள். தந்தை கையை அசைத்துப் போகச் சொல்கிறார். 7:49:20, பெரியது வருகிறது, மூவரும் ஏறுகிறார்கள். மூன்று நிமிடம் பத்து விநாடியில் நான்கு தடவை கதவு திறந்திருக்கிறது; அதில் ஒன்று மட்டுமே பயன்பட்டது. மற்ற மூன்று தடவையும் உள்ளே நின்றவர்களின் நேரம் வீண், மேலே காத்திருந்தவர்களின் நேரமும் வீண்.

மூன்று நாள் கணக்கில் நாலாம் மாடியின் சராசரிக் காத்திருப்பு 82 விநாடி. அதிகபட்சம் 4 நிமிடம் 50 விநாடி. பதின்மூன்றாம் மாடியின் சராசரி 41 விநாடி. அதே கட்டடம், அதே லிஃப்டுகள். மேல் மாடிக்காரர்களுக்கு லிஃப்டு காலியாக வருகிறது. கீழ் மாடிக்காரர்களுக்கு நிறைந்து வருகிறது. கூட்டத்தில் "அவ்வளவு மோசம் ஒன்றும் இல்லையே" என்று சொன்ன மூவரும் 11ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் மாடியில் அது உண்மை.

எட்டாவது நாள் சிறிய லிஃப்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் மூலையில் நின்றேன். 148 தடவை நின்றது. அதில் 41 தடவை ஒருவரும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. வேகம் குறைந்து நிற்பது, கதவு திறப்பது, திறந்தபடி இருப்பது, மூடுவது, மறுபடி வேகம் பிடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நிறுத்தத்துக்கு 13 விநாடி போகிறது. 41 வெற்று நிறுத்தம் என்றால் 533 விநாடி. உச்ச நேரத்தின் 60 நிமிடத்தில் ஏறக்குறைய 9 நிமிடம் யாருக்கும் பயனில்லாமல் கதவு திறந்து மூடியதிலேயே கரைந்திருக்கிறது.

இரவு சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டேன். மாடிக்கு 3 மீட்டர் உயரம், 14 மாடிக்கு 42 மீட்டர். நிற்காமல் ஓடினால் 28 விநாடி. மோட்டாரை மாற்றி விநாடிக்கு இரண்டு மீட்டராக்கினால் அது 21 ஆகும்; ஏழு விநாடிக்குப் பல லட்சம். சிறிய லிஃப்டில் பைகளோடு ஆறு பேர்தான் ஏற முடிகிறது. 14 மாடிகளில் எங்கெங்கோ இருக்கும் ஆறு பேரை அள்ளிவர எத்தனை மாடியில் நிற்க வேண்டியிருக்கும்? இதற்கு லிஃப்டுத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு சூத்திரம் உண்டு: 14இல் 13 என்ற பின்னத்தை ஆறு தடவை தன்னோடு பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்து, 14ஆல் பெருக்க வேண்டும். விடை 5. இதே வழியில், ஒரு சுற்றில் லிஃப்டு போக வேண்டிய உச்சி மாடி சராசரியாக 12½ என்று வருகிறது. ஆக, போய் வர 50 விநாடி, ஐந்து மாடியும் தரைத்தளமும் சேர்த்து ஆறு நிறுத்தத்துக்கு 78 விநாடி, மொத்தம் 128 விநாடி.

இரண்டு லிஃப்டும் சம இடைவெளியில் ஓடினால் 64 விநாடிக்கு ஒன்று வரும். எப்போது வந்து நின்றாலும் சராசரியாக அதில் பாதி, 32 விநாடி காத்தால் போதும். ஆனால் எங்கள் லிஃப்டுகள் சம இடைவெளியில் ஓடவில்லை. எல்லோரும் இரண்டையும் அழைப்பதால் இரண்டும் ஒரே மாடிகளில் நிற்கின்றன, ஒரே நேரத்தில் மேலே போகின்றன, ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே வருகின்றன. மாநகரப் பேருந்து முக்கால் மணி நேரம் வராமல் இருந்து, பிறகு ஒரே எண்ணில் இரண்டு சேர்ந்து வருமே, அதே கதை. ஜோடியாக ஓடும் இரண்டு லிஃப்டு ஒரு லிஃப்டுக்குச் சமம். இடைவெளி 128, சராசரிக் காத்திருப்பு 64. அதன்மேல் நிறைந்த லிஃப்டு திரும்பிப் போவதையும் கூட்டினால் நான் நாலாம் மாடியில் எண்ணிய 82 வந்துவிடுகிறது. கணக்கும் நோட்டும் பொருந்திய அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொலைபேசியில் இதற்கு ஒரு தீர்வு பழங்காலத்திலிருந்தே உண்டு. ஒரு கடைக்கு ஐந்து லைன் இருந்தால் ஐந்து எண்ணையும் விளம்பரத்தில் போட்டு வாடிக்கையாளரை ஒவ்வொன்றாகச் சுழற்ற வைக்கமாட்டோம். ஒரே எண், அழைப்பு வந்தால் எந்த லைன் காலியோ அதை நிலையமே தேடிக் கொடுக்கும். ஹன்டிங் என்போம். எங்கள் இரண்டு லிஃப்டுகளும் ஹன்டிங் இல்லாத இரண்டு தனி லைன்கள். ஒன்று எங்கே நிற்கிறது, எந்த அழைப்பை ஏற்றிருக்கிறது என்பது மற்றதற்குத் தெரியாது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை யோசனையையும் இதே கணக்கில் போட்டேன். ஏழு மாடிகளுக்கு மட்டும் போகும் லிஃப்டுக்கு நிறுத்தங்கள் ஐந்திலிருந்து நாலேகாலாகக் குறைகின்றன. சுற்று 128லிருந்து 118 விநாடி ஆகிறது. பத்து விநாடி மிச்சம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே லிஃப்டுதான் என்பதால் சராசரிக் காத்திருப்பு 59. இரண்டும் சம இடைவெளியில் ஓடினால் கிடைக்கக்கூடிய 32ஐ விட்டுவிட்டு 59ஐ எதற்கு வாங்க வேண்டும்? இதைத் தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

கல்லூரியில் கணினி படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். "தாத்தா, ஹார்டு டிஸ்கில் தகவலைப் படிக்கும் தலை எந்தத் தடத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதற்குப் பாடத்தில் ஒரு முறை இருக்கிறது, அதற்குப் பெயரே லிஃப்டு முறை" என்றாள். ஒரு திசையில் போகும்போது வழியில் இருக்கும் வேலைகளையெல்லாம் முடித்துக்கொண்டு, கடைசி வரை போய், திரும்புகையில் எதிர்த்திசை வேலைகளை முடிப்பது. தனி லிஃப்டுக்கு அது போதும். இரண்டு இருந்தால் எந்த அழைப்பை எதற்குக் கொடுப்பது என்பதுதான் வேலையே. என் நோட்டிலிருந்த அழைப்புகளை அப்படியே ஊட்டி, லிஃப்டுகளின் ஓட்டத்தைக் கணினியிலேயே நடித்துக் காட்டும் ஒரு சிறிய நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினாள்.

முதலில் வைத்த விதி: எந்த லிஃப்டு அருகில் இருக்கிறதோ அது போகட்டும். சராசரி நன்றாக இறங்கியது. இருவரும் மகிழ்ந்தோம். பிறகு தனித்தனி மாடியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டாம், மூன்றாம் மாடிகளில் ஒருவர் ஐந்தரை நிமிடம் காத்திருந்தார். பலருக்குச் சில விநாடி மிச்சப்படுத்தி, அந்தச் செலவை ஒருவர் தலையில் கட்டியிருந்தோம். சராசரியில் அவர் தெரியமாட்டார். நான்கு பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் காப்பதும் ஒருவர் நான்கு நிமிடம் காப்பதும் கூட்டலில் ஒன்றுதான். வேனைத் தவறவிடுகிறவர் இரண்டாமவர். அதனால் விநாடிகளைக் கூட்டாமல் அவற்றின் வர்க்கத்தைக் கூட்டச் சொன்னேன். நான்கு பேரின் 60 விநாடிகள் 14,400. ஒருவரின் 240 விநாடி 57,600. இப்படி எண்ணினால் நெடுநேரம் காத்திருப்பவரின் அழைப்பு தானாகவே கனத்து மேலே வருகிறது. சராசரி இரண்டு விநாடி கூடியது. அதிகபட்சம் இரண்டரை நிமிடத்துக்குள் வந்தது. அந்த இரண்டு விநாடியை நான் மனமாரக் கொடுப்பேன்.

பெரிய கோபுரங்களில் லாபியிலேயே போக வேண்டிய மாடியை அழுத்தச் சொல்லி, இந்த லிஃப்டுக்குப் போ என்று எழுத்தைக் காட்டும் முறை இருக்கிறது. ஒரே மாடிக்காரர்களை ஒரே கூண்டில் சேர்ப்பதால் நிறுத்தங்கள் குறையும். சிட்னியின் லியோ போர்ட் 1960களின் தொடக்கத்திலேயே இதை யோசித்திருக்கிறார். அதைத் தாங்கும் கணினிகள் மலிந்த பிறகு 1990களில்தான் பரவியது. ஆறு, எட்டு லிஃப்டுகள் வரிசையாக நிற்கும் அலுவலகத்தில், எல்லோரும் ஒரே இடத்திலிருந்து ஏறும் காலை நேரத்தில் அது அற்புதமாக வேலை செய்யும். எங்களுக்கு இரண்டே லிஃப்டு; காலையில் எல்லோரும் வெவ்வேறு மாடியில் ஏறி ஒரே இடத்தில் இறங்குகிறார்கள். இங்கே அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்டில் பராமரிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பர் மாதாந்தர வேலைக்கு வந்தபோது அவரோடு மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறினேன். முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். லிஃப்டுகளை இயக்கும் இரண்டு கன்ட்ரோலர் பெட்டிகளும் ஒரே தயாரிப்பு. "தம்பி, இந்த இரண்டையும் இணைக்க வழி இருக்கிறதா?" என்று கேட்டேன். பலகையின் கீழ் மூலையில் பயன்படுத்தாத ஒரு முனையை டார்ச் அடித்துக் காட்டினார். "இதற்காகவே வைத்ததுதான் சார். கட்டும்போது கேபிள் இழுக்காமல் விட்டிருக்கிறார்கள்" என்றார். இத்தனை ஆண்டுகளாக ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளும் வெறுமனே கிடந்திருக்கின்றன. அந்தத் தூசியைப் பார்த்தபோது நாலாம் மாடி அக்கா படியிறங்கியதுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் நான் கை வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு முதல் லிஃப்டுகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, பிரேக்கும் கதவுப் பூட்டும் மனித உயிர் தொங்கும் இடங்கள். சங்கத்தின் வழியாக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, அந்த இளைஞரும் அவருடைய மேற்பார்வையாளரும் செய்தார்கள். நான் டார்ச் பிடித்தேன், நோட்டில் எழுதினேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் கேபிளை இணைத்து, ஒரு பெட்டியைத் தலைவனாகவும் மற்றதைத் துணையாகவும் அமைத்தார்கள். ஏழாம் மாடியில் நின்றிருந்த பேத்தி கைபேசியில் கூப்பிட்டாள்: "தாத்தா, பொத்தானை அழுத்தினேன், பெரிய லிஃப்டு ஆறாம் மாடியில் நின்று திறக்கிறது." மூன்றாம் மாடியில் அழுத்தினால் இரண்டில் திறந்தது. ஒன்றரை மணி நேரம் எல்லா அமைப்பையும் புரட்டினோம். விடை கண்ணெதிரே இருந்தது. பெரிய லிஃப்டு அடித்தளத்துப் பம்ப் அறைக்கும் போகும். அதற்குக் கீழே ஒரு நிறுத்தம் கூடுதல். சிறிய லிஃப்டு தரைத்தளத்தைப் பூஜ்யம் என்று எண்ணுகிறது, பெரியது அடித்தளத்தைப் பூஜ்யம் என்று எண்ணுகிறது. சிறியதின் ஏழு பெரியதுக்கு ஆறாம் மாடி. சிறியதின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்க வைத்ததும் இரண்டும் ஒரே மாடியை ஒரே எண்ணால் அழைத்தன.

மாலையில் இன்னொரு கோளாறு. லிஃப்டு கிளம்பும் விநாடியில் இணைப்பு அறுந்து, சில விநாடி கழித்து மீண்டும் வந்தது. மோட்டார் கிளம்பும்போது மட்டும் என்றதுமே எனக்குப் பிடிபட்டது. நிலையங்களை இணைக்கும் டிரங்க் கேபிளை மின் கேபிளோடு ஒட்டிப் போட்டுவிட்டு இரைச்சலோடு மல்லுக்கட்டிய அனுபவம் எத்தனையோ. புதுக் கேபிளை மோட்டாருக்குப் போகும் கேபிள்களோடு ஒரே குழாயில் செலுத்தியிருந்தார்கள். அதை வெளியே எடுத்துத் தனிப் பாதையில் போட்டு, மேலுறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, சமிக்ஞை முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் 120 ஓம் மின்தடை இரு முனையிலும் இருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு முனையில் இல்லை, போட்டோம். அதன் பிறகு இணைப்பு ஒரு தடவைகூட அறவில்லை. "இது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?" என்று அந்த இளைஞர் கேட்டபோது, ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக என் பழைய வேலை என்னோடு இருப்பதாக உணர்ந்தேன்.

எங்கள் கன்ட்ரோலருக்குள் பேத்தியின் வர்க்கக் கணக்கைப் புகுத்த முடியாது. அதன் தேர்வு விதி அதற்குள்ளேயே பதிந்தது. ஆனால் நெடுநேரம் நிலுவையில் இருக்கும் அழைப்புக்கு முன்னுரிமை கொடுக்கும் ஓர் அமைப்பு இருந்தது. 90 விநாடி என்று வைத்தோம். நிறைந்த லிஃப்டு வழியில் நிற்காமல் போகும் அமைப்பும் இருந்தது, யாரும் இயக்கியிருக்கவில்லை. வழக்கமாக 80 சதவீதச் சுமையில் வைப்பார்களாம். சிறிய லிஃப்டுக்கு அது 435 கிலோ. மறுநாள் காலை பைகளோடு ஆறு பேர் ஏறி இடமே இல்லாதபோது பெட்டியின் திரையில் பார்த்தால் 338 கிலோ. பிள்ளைகளும் பைகளும் இடத்தை அடைக்கிறார்கள், எடையை அல்ல. 80 சதவீதம் என்று விட்டிருந்தால் அந்த அமைப்பு ஒருநாளும் வேலை செய்திருக்காது. 60 சதவீதம் ஆக்கினோம்.

கதவு நேரத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். திறந்தபடி இருக்கும் 6 விநாடியை 3 ஆக்கச் சொன்னேன். இரண்டாம் நாளே கைத்தடியோடு நடக்கும் ஒன்பதாம் மாடிப் பெரியவர் வீட்டு வாசலிலிருந்து வருவதற்குள் கதவு மூடிவிட்டது. குறுக்கே ஆள் இருந்தால் உணரும் ஒளித்திரை இருப்பதால் கதவு இடிக்காது. ஆனால் அவர் லிஃப்டை எட்டவே இல்லையே. கூண்டுக்குள்ளிருந்து அழுத்திய மாடியில் இறங்க 3 விநாடி போதும், இறங்குகிறவர் கதவருகே தயாராக நிற்கிறார். வெளியிலிருந்து அழைத்த மாடியில் 5 விநாடி வேண்டும். கன்ட்ரோலரில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. அப்படியே மாற்றினோம், அந்தப் பெரியவரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

அழைப்பு இல்லாதபோது லிஃப்டு எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை நேரவாரியாக வைத்தோம். காலையில் சிறியது பத்தாம் மாடி, பெரியது நாலாம் மாடி. மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டும் தரைத்தளம். இரவு பத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே இருக்கட்டும், காலிக் கூண்டை ஓட்டி மின்சாரத்தை வீணாக்க வேண்டாம்.

செப்டம்பர் முதல் வாரம் மீண்டும் நாலாம் மாடியில் நாற்காலி. சராசரி 51 விநாடி. இறங்கியிருக்கிறது, ஆனால் கணக்கு 32 பக்கத்தில் வரச் சொல்கிறதே! வெற்று நிறுத்தங்கள் எங்கே மிச்சமிருக்கின்றன என்று தேடினேன். பெரும்பாலும் தரைத்தளத்தில். ஆகவே முதல் நாள் நாற்காலியிட்ட இடத்துக்கே திரும்பினேன்.

7:35க்கு ஓர் அம்மா வந்தார், ஆறேழு வீடுகளில் வேலை செய்கிறவர். பொத்தானை அழுத்தினார். சிறிய லிஃப்டு வந்து திறந்தது. அவர் ஏறவில்லை. மூடியது. மறுபடி அழுத்தினார். மீண்டும் சிறியதே வந்தது. ஏறவில்லை. "ஏம்மா ஏறவில்லை?" என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். வீட்டு வேலை செய்பவர்களும் பொருள் கொண்டு வருபவர்களும் பெரிய லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சங்கத்தின் பலகை. பத்து ஆண்டுகளாக அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். "முன்பு அதற்குத் தனிப் பொத்தான் இருந்தது ஐயா, அழுத்தினால் அதுவே வரும். இப்போது எதை அழுத்தினாலும் இதுதான் வருகிறது. பன்னிரண்டாம் மாடி வீட்டில் தாமதம் என்று கோபிக்கிறார்கள்" என்றார். அன்று அவர் 6 நிமிடம் 20 விநாடி நின்றார். என் நோட்டில் இருக்கும் எல்லாக் காத்திருப்புகளிலும் நீளமானது அது. நான் செய்த மாற்றத்தால் அவருக்கு மட்டும் காத்திருப்பு கூடியிருந்தது. மேல் மாடிகளில் மட்டுமே நாற்காலி போட்டுக்கொண்டிருந்ததால் இது என் கண்ணில் படவில்லை.

பழைய காலத்து அலுவலக லிஃப்டுகளில் ஸ்டூல் போட்டு ஒருவர் அமர்ந்திருப்பார். யார் நிற்கிறார்கள், எத்தனை பேர், யார் அவசரத்தில் இருக்கிறார் என்று அவர் கண்ணால் பார்ப்பார். கன்ட்ரோலருக்குத் தெரிவதெல்லாம் பொத்தான் எரிகிறது என்பது மட்டும். ஒருவர் நின்றாலும் ஏழு பேர் நின்றாலும் ஒரே விளக்கு. ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டு ஒருவர் நிற்பது அதற்கு எந்த வழியிலும் தெரியாது.

அந்த மாதக் கூட்டத்துக்கு நோட்டை எடுத்துப் போனேன். இரண்டு லிஃப்டை இணைப்பதன் பொருளே யார் வேண்டுமானாலும் எதிலும் ஏறலாம் என்பதுதான். ஒரு பகுதியினரை ஒரு லிஃப்டில் அடைத்தால் இணைப்பு அறுந்தது போலத்தான் என்று கணக்கைக் காட்டினேன். கணக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பலகை தவறு, நம் வீட்டுப் பாத்திரத்தைத் தொடும் கைக்கு நம் லிஃப்டின் கதவு மூடியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் சுத்தம் பற்றிப் பேசினார். நாலாம் மாடி அக்கா எழுந்து, "படியில் இறங்கிய அன்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வந்தது அந்த அம்மாதான்" என்றார். வாக்கெடுப்பில் 31க்கு 12 என்று பலகை போனது. மறுநாள் காலை காவலாளி ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கழற்றினார். சுவரில் நான்கு துளைகள் இருந்தன, சிமெண்டு வைத்துப் பூசினோம்.

அக்டோபர் இரண்டாம் வாரக் கணக்கு இது. நாலாம் மாடி சராசரி 37 விநாடி, அதிகபட்சம் 1 நிமிடம் 55 விநாடி. பதின்மூன்றாம் மாடி 39. முன்பிருந்ததைவிட இரண்டு விநாடிதான் குறைவு, அவர்கள் பெரிதாக எதையும் பெறவில்லை, இழக்கவும் இல்லை. சிறிய லிஃப்டில் மீண்டும் ஒரு மணி நேரம் நின்றபோது வெற்று நிறுத்தம் 41லிருந்து 14. அந்தப் பதினான்கும் ஏறக்குறைய முழுவதும் கீழே போகிறவர் மேல் பொத்தானையும் சேர்த்து அழுத்துவதால் வருபவை. இரண்டு பலகையையும் தடவுவதால் இனி தீங்கில்லை, இரண்டும் ஒரே அழைப்புதான். இரண்டு திசையையும் அழுத்துவதுதான் இன்னும் திருடுகிறது. மேல் பொத்தானுக்கு மேலே "மேலே போகிறவர்களுக்கு மட்டும்" என்று உச்சி மாடி தவிர எல்லா மாடியிலும் சிறு தாள் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் படிக்கிறார்கள், பெற்றோருக்கும் படித்துக் காட்டுகிறார்கள்.

நோட்டில் இன்னும் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. எட்டு மணிக்குக் குடிநீர் கேன் வருகிறது. இருபது லிட்டர் கேன் ஒன்றைக் கதவில் முட்டுக் கொடுத்துவிட்டு, மாடிக்கு நான்கைந்தாக இறக்குகிறார் கேன் கொண்டுவரும் இளைஞர். பெரிய லிஃப்டு ஒரு மாடியில் இரண்டு நிமிடம் நிற்கிறது. ஒன்பதரைக்கு மேல் வர முடியுமா என்று கேட்டேன். காலை ஆறு மணிக்கே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள், பத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை கேன் முகவரிடம் பேசப் போகிறேன்; எங்கள் கட்டடத்தை வரிசையில் கடைசியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று.